கால் கிலோக்காரர்

ஒரு கிலோ தக்காளி வேண்டுமென்றால் அவர் நான்கு கடைகளில் நிற்பார். முதல் கடையில் கால் கிலோ, அடுத்த கடையில் கால் கிலோ, சந்து முனையில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் அம்மாளிடம் கால் கிலோ, தள்ளுவண்டியில் கால் கிலோ. நான்கு சின்னப் பைகளையும் இரண்டு விரல்களில் மாட்டிக்கொண்டு, பரீட்சையில் தேறிவிட்ட பையனைப் போல வீடு வந்து சேருவார். சந்தையில் அவருக்கு வேறு பெயரே கிடையாது. "வாங்க கால் கிலோ" என்பார்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல் "வந்துட்டேன்" என்பார்.

நான்கு கடைக்கும் காய் இறங்குவது ஒரே லாரியிலிருந்துதான் என்பது அவர் மனைவிக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரிந்துவிட்டது. சொல்லியும் பார்த்தாள். அவர் ஒரு தக்காளியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருக்கட்டும். ஒருத்தன் ஏமாத்தினாலும் மத்த மூணு பேர் இருக்காங்கல்ல" என்றார். அன்றிலிருந்து அவள் நான்கு பைகளையும் வாய்பேசாமல் ஒரே கூடையில் கொட்டிவிடப் பழகிக்கொண்டாள்.

லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். ஒல்லியான உடம்பு. சட்டைப் பையில் டார்ச், காதில் சொருகிய பென்சில். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கிரீஸ் போகாது. புதிதாக ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால், அங்கே இருக்கிற மனிதர்களைப் பார்ப்பதற்கு முன்னால் லிஃப்ட் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது போல. "இதுக்குச் சளி பிடிச்சிருக்கு" என்பார். மகளுக்குப் பிரசவமாகி ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, பேரன் முகத்தைப் பார்க்கக்கூட மேலே வராமல், லிஃப்ட் எங்கேயோ முனகுகிறது என்று அதில் ஏறி மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தவர். பேரனைக் கையில் வாங்கியதும் முதலில் சொன்னது, "மூணாவது மாடியில கதவு கொஞ்சம் இழுக்குது."

பேசவிட்டால் கயிற்றைப் பற்றித்தான் பேசுவார். "லிஃப்ட்டு ஒத்தக் கயித்துலயா தொங்குது? ஆறு கயிறு. ஒண்ணே போதும், மொத்த ஆளையும் தூக்கிடும். இருந்தாலும் ஆறு. ஏன்?" கேட்டுவிட்டுப் பதிலையும் அவரே சொல்வார். "ஒண்ணை நம்பி எவனும் தொங்கக் கூடாது." கையில் இருக்கும் காப்பி ஆறி ஆடை கட்டும்வரை இது நடக்கும். அவள் ரெடிமேட் கடையிலிருந்து வந்த சட்டைகளுக்கு அளவு குறைத்துத் தைத்துக்கொண்டே "ம்" கொட்டுவாள். ஒரு பட்டனுக்கு ஒரு "ம்".

லிஃப்ட்டுக்கு அது சரி. வீட்டுக்குள் வந்தால்தான் தொந்தரவு. இருமலுக்கு மூன்று டாக்டரிடம் போவார். மூவர் கொடுத்த மருந்திலும் பாதி பாதி குடிப்பார். தானாக வந்த இருமல் தானாகப் போன பிறகு மூவருக்கும் போய் நன்றி சொல்லிவிட்டு வருவார். முடி வெட்ட இரண்டு பேர், மாறி மாறி. ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் திருத்த, அவர் தலை எப்போதும் பங்காளிச் சண்டையில் கிடக்கும் நிலம் மாதிரி இருக்கும். வீட்டில் மூன்று குடை உண்டு. மழை வருகிற அன்று மூன்றும் மூன்று இடத்தில் மறந்து வைக்கப்பட்டிருக்கும்.

பயந்த சுபாவம் என்று விட்டுவிடலாம். ஆனால் பயத்தோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டிருந்தது. யார் எதைச் சொன்னாலும் "வேண்டாம்" என்று சொல்ல அவருக்கு நாக்கு எழாது. பயமும் தாட்சண்யமும் சேர்ந்து குடித்தனம் நடத்திய இடம்தான் அவருடைய பென்ஷன் பணம்.

அவர் கம்பெனியில் மாதா மாதம் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்து, கம்பெனியும் தன் பங்குக்குக் கொஞ்சம் போட்டு, வேலையை விட்டு நின்ற பிறகு சாப்பிடுவதற்கு என்று சேர்த்து வைப்பார்கள். அந்தப் பணத்தை எந்தெந்த ஃபண்டில் போடுவது என்பதைத் தொழிலாளியே சொல்லலாம். சந்தையில் பங்கு வாங்கிப் போடுகிற ஃபண்டுகள் உண்டு. ஏறினால் நன்றாக ஏறும், விழுந்தால் கேட்பாரில்லை. வட்டிக்கு விடுகிற ஃபண்டுகள் உண்டு. மெதுவாக நடக்கும், பெரிதாக விழாது. சந்தை ஃபண்டிலேயே ஐம்பது அறுபது தினுசு. கால் கிலோக்காரரிடம் போய் அறுபது கடையைத் திறந்து காட்டினால் என்ன ஆகும்? பதினான்கு ஆயிற்று.

ஒவ்வொரு ஃபண்டுக்கும் ரயில் நீளத்துக்கு ஒரு பெயர் உண்டு. அது எதுவும் அவருக்கு நினைவில் நிற்காது. சொன்னவரின் பெயரால்தான் சொல்வார். அவள் அண்ணன் சொன்னது மச்சான் ஃபண்டு. பல் பிடுங்கும்போது டாக்டர் சொன்னது டாக்டர் ஃபண்டு. வாயைத் திறந்தபடியே தலையாட்டியிருக்கிறார். போர்மேன் ஃபண்டு ஒன்று, பழைய போர்மேன் ஃபண்டு ஒன்று. இரண்டு போர்மேன்களுக்கும் ஆகாது. மேல் வீட்டு வாத்தியார் ஃபண்டு. இப்படிப் பதினான்கு பேருக்கும் நூற்றுக்கு ஏழு என்று பிரித்தார். இரண்டு மிஞ்சியது. அந்த இரண்டை யாருக்குக் கொடுப்பது என்று ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் யோசித்து, கடைசியில் இரண்டு போர்மேன்களுக்கும் ஆளுக்கு ஒன்று கூட்டிக் கொடுத்தார்.

எல்லாவற்றிலும் விசேஷமானது மாட்டிக்கிட்டவர் ஃபண்டு. எட்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரே ஒரு ஆள். இந்த மாதிரி நேரத்தில் உள்ளே இருப்பவர் பயந்து கதவை உதைக்காமல் இருக்க, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தொழிலில் முதல் பாடம் அது. இவர் கதவிடுக்கில் வாயை வைத்து, சார் என்ன வேலையில் இருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். முதலீட்டு ஆலோசனை என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அப்படியானால் எனக்கு நல்லதாக ஒரு ஃபண்டு சொல்லுங்களேன் என்றிருக்கிறார். அந்த மனிதர் வியர்த்து விறுவிறுத்து, மூச்சு வாங்க, ஏதோ ஒரு பெயரைக் கத்தினார். மறுநாளே இவர் அதில் சேர்ந்துவிட்டார்.

"சாவு பயத்துல இருக்கிறவன் பொய் சொல்ல மாட்டான்" என்றார் மனைவியிடம்.

"சாவு பயத்துல இருக்கிறவன் வாய்க்கு வந்ததைச் சொல்வான்" என்றாள் அவள். இந்த வாக்கியம் அவர் காதுவரை போய்த் திரும்பி வந்துவிட்டது.

முழங்கால் கெடும்வரை அவளுக்கும் இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. ஊரிலுள்ள லிஃப்ட்டையெல்லாம் ஓடவைக்கிறவர் குடியிருப்பது மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. தையல் மிஷினை மிதித்து மிதித்து அவள் வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. இறங்குவதற்குக் கைப்பிடி போதும். ஏறுவதற்குக் கைப்பிடியோடு கடவுளும் வேண்டும். கடைக்குத் துணி கொண்டுபோய்த் திரும்பும்போது வாங்க மறந்த நூல்கண்டுக்காக இன்னொரு முறை இறங்க மனம் வராமல், கறுப்புச் சட்டைக்கு நீல நூலில் தைத்துக் கொடுத்து ஏச்சும் வாங்கியிருக்கிறாள்.

பின்சந்தில் தரையோடு தரையாக ஒரு சின்ன வீடு இருந்தது. ஒரு அறை, ஒரு சமையலறை, கொல்லையில் குழாய். வாசலில் ஒரு படிகூட இல்லை. அதை விற்றுவிட்டுத் தன் மகனோடு போய் இருக்கலாம் என்று அந்த வீட்டுச் சொந்தக்கார அம்மா நினைத்திருந்தாள். இவளிடம் நெடுநாள் துணி தைத்துக்கொள்கிறவள். உன் வீட்டுக்காரர் வேலை முடிந்து பணம் வரும்வரை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வீட்டை வாங்க இந்தப் பென்ஷன் பணம்தான் உண்டு. இதைவிட்டால் வேறு வழியில்லை.

வேலை முடிய எட்டு மாதம் இருந்தது. பதினான்கும் சந்தை ஃபண்டு. அவரோடு வேலை பார்த்த வெல்டர் ஓய்வு பெற்ற வருஷம் பார்த்துச் சந்தை விழுந்தது. மூன்றில் ஒரு பங்கு கரைந்து போய், அந்த மனிதர் இப்போது ஒரு பள்ளிக்கூட வாசலில் காவலுக்கு நிற்கிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் அவள் பேச்சை எடுப்பாள். கால் கிலோக்காரர் அசரமாட்டார். "அவன் ரெண்டே ரெண்டு ஃபண்டுல போட்டான், போச்சு. நாம பதினாலுல இருக்கோம்."

கணக்குப் பிரிவுக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். பெரிய கண்ணாடி, பேச்சு குறைவு, விரலால் காட்டுவது அதிகம். ஓய்வுக்கு ஒரு வருஷத்துக்குள் இருப்பவர்களையெல்லாம் கூட்டி உட்காரவைத்து, இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் ஃபண்டுகளை மூன்று நான்காகக் குறைத்துக்கொள்ளுங்கள், பாதிக்கு மேல் வட்டி ஃபண்டுக்குக் கொண்டுபோய் விடுங்கள், இதை விட்டால் இனி ஆறு மாதம் கழித்துத்தான் மாற்ற முடியும் என்று சொன்னாளாம். எல்லாரையும்விடப் பலமாகத் தலையாட்டியது அவர்தானாம். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது பக்கத்து நாற்காலிக்காரர் புதிதாக ஒரு ஃபண்டின் பெயரைச் சொன்னார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கணக்கு பதினைந்து.

"குறைக்கச் சொன்னாங்க. கூட்டிக்கிட்டு வந்திருக்கீங்க."

"கூட்டல. அதையும் பார்க்கலாமேன்னுதான்."

"உங்களுக்குப் பார்க்க நேரம் இருக்கு. என் முழங்காலுக்கு இல்ல."

மறுநாள் அவளே கூடப் போனாள். அந்த அலுவலகத்தில் அவள் காலடி வைத்தது அதுதான் முதல் தடவை. நாற்காலி நுனியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணாடிப் பெண் ஒவ்வொரு ஃபண்டாகத் திரையில் திறந்து, அதிலுள்ள பணம் எந்தெந்தக் கம்பெனியில் போய்க் கிடக்கிறது என்று காட்டினாள். மச்சான் ஃபண்டில் முதலாவதாக ஒரு பெரிய பேங்க், அடுத்து எண்ணெய்க் கம்பெனி, அதற்கடுத்து சிமெண்ட். டாக்டர் ஃபண்டில் எண்ணெய் முதலில் வந்தது, பேங்க் இரண்டாவது, பிறகு சிமெண்ட். போர்மேனிடமும் அதே பேங்க். பழைய போர்மேனிடமும் அதே பேங்க். ஐந்தாறு ஃபண்டுக்குப் பிறகு அந்தப் பெண் பேசுவதை நிறுத்திவிட்டு விரலை மட்டும் திரையில் வைத்து வைத்து எடுத்தாள். மாட்டிக்கிட்டவர் ஃபண்டில் சிமெண்ட் மேலே ஏறியிருந்தது. மற்றபடி அதே ஆட்கள்தான்.

"அப்போ எல்லாரும் நல்ல கம்பெனியாப் பார்த்துதான் சொல்லியிருக்காங்க" என்றார் அவர், நிறைந்த மனதோடு.

கண்ணாடிப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மனைவி பல்லைக் கடித்துக்கொண்டாள். முப்பது வருஷம் "ம்" கொட்டியதற்கு அன்று ஒரு பலன் கிடைத்தது.

"ஏங்க. கயிறு பதினஞ்சு இருக்கு, சரி. பதினஞ்சையும் ஒரே ஆணியிலயா மாட்டுவீங்க?"

அவர் திரையை உற்றுப் பார்த்தார். லிஃப்ட்டில் ஒவ்வொரு கயிற்றுக்கும் தனிப் பிடி உண்டு, தனித் திருகு உண்டு. எல்லாக் கயிற்றையும் ஒரே ஆணியில் கட்டிய லிஃப்ட்டை எங்கேயாவது கண்டால், கட்டடத்து முதலாளியே வந்து கெஞ்சினாலும் கரண்ட்டை நிறுத்தி, 'பழுது' என்ற பலகையை மாட்டிவிட்டுத்தான் நகருவார். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். முதலிலிருந்து ஒவ்வொன்றாக மறுபடி திறக்கச் சொன்னார். அவர் காது மடல் சிவந்துகொண்டே வந்தது.

"எவன்யா இப்படிக் கட்டினது?" என்றார்.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. பாதிக்கு மேல் ஒரு வட்டி ஃபண்டுக்கு. கைச்செலவு மாதிரி எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடியதாக ஒன்று. சந்தையில் ஒரே ஒரு ஃபண்டு போதும் என்றாள் கண்ணாடிப் பெண். அங்கேதான் வண்டி நின்றது. பதினைந்தில் எதை வைத்துக்கொண்டாலும் மற்றப் பதினான்கு பேர் மனம் வருந்துவார்களே? அவர் நெற்றியைத் தேய்த்தார். அந்தப் பெண் வரிசையின் அடியில் கிடந்த ஒன்றைத் தொட்டுக் காட்டினாள். சந்தையில் இருக்கிற கம்பெனிகளையெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஃபண்டு அது. யாரும் கெட்டிக்காரத்தனம் காட்டுவதில்லை, அதனால் கூலியாகப் பிடிப்பதும் சொற்பம்.

"இதை யாராவது யாருக்காவது சொல்லியிருக்காங்களா?" என்று கேட்டார்.

இதுவரை இங்கே யாரும் இதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை என்றாள் அவள்.

"அப்போ இதுவே இருக்கட்டும். யாருக்கும் மனஸ்தாபம் இல்ல."

வாழ்க்கையிலேயே அவர் எடுத்த உருப்படியான பண முடிவு இந்தக் காரணத்துக்காக எடுக்கப்பட்டது. சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று மனைவிக்குத் தெரியவில்லை. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பேனாவைத் திறந்தார். மறுபடி மூடினார்.

"சொல்லாம கொள்ளாம எடுத்தா நல்லா இருக்காது. எல்லார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."

வெள்ளிக்கிழமைக்கு நாளிருந்தது. அவளும் போகட்டும் என்று விட்டாள். விட்டிருக்கக் கூடாது. அவள் அண்ணனுக்குப் போன் போட்டு, மச்சான் தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது என்று பீடிகை போட்டுக் கால் மணி நேரம் பேசினார். "நானா சொன்னேன்? நான் அதை வித்துத் தொலைச்சு எத்தனை வருஷம் ஆச்சு மாப்ளே" என்றார் அண்ணன். பல் டாக்டருக்கு ஃபண்டும் நினைவில்லை, பல்லும் நினைவில்லை. வந்தது வந்தீர்கள் என்று நாற்காலியில் சாய்த்து இன்னொரு பல்லைத் தட்டிப் பார்த்து அனுப்பினார். இரண்டு போர்மேன்களும் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: அவனுடையதையும் எடுத்தாயிற்றா? எடுத்தாயிற்று என்றதும் இருவருக்கும் பரம திருப்தி. வாத்தியார் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டு, வேறொரு ஃபண்டின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார். நல்லவேளையாக அவள் பக்கத்தில் நின்றாள். அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லிக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தாள்.

மாட்டிக்கிட்டவர் ஒருவர்தான் மிச்சம். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. கோட்டு போட்டிருந்தார் என்பது மட்டும் தெரியும். எட்டு மாடிக் கட்டடத்து வாசலில் போய் நின்று, வெளியே வருகிற கோட்டுகளையெல்லாம் முகம் முகமாகப் பார்த்தார். ஒரு காவலாளி பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டதுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. பிற்பகல் அவள் கடையிலிருந்து துணி மூட்டையோடு படியேறிக்கொண்டிருந்தாள். அவர் தலையைப் படிய வாரிக்கொண்டு இறங்கி வந்தார். கையெழுத்துப் போடத்தான் கிளம்புகிறார் என்று அவள் நினைத்தாள். அந்த ஆளை இன்னொரு தடவை பார்த்துவிட்டு நேராக ஆபீசுக்குப் போகிறேன் என்றார். ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள் என்றாள். அதற்குள் வந்துவிடுவேன் என்றார்.

கத்துவது அவள் வழக்கமில்லை. மூட்டையைச் சுவரோரம் வைத்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியில் உட்கார்ந்து, வலது காலை நீட்டினாள்.

"என்ன பண்ற?"

"மாட்டிக்கிட்டேன்."

"என்னது?"

"ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டேன். மேல ஏற முடியல. கீழ எறங்க முடியல. ஊர்ல யார் யாரையோ போய் எறக்கி விடறீங்க. என்னை எப்போ எறக்கி விடப்போறீங்க?"

ஆள் மாட்டிக்கொண்டதாகத் தகவல் வந்தால் சோற்றில் வைத்த கையை உதறிவிட்டு ஓடுகிறவர் அவர். இப்போது அப்படியே நின்றார். குனிந்து மூட்டையைத் தூக்கினார். என்ன செய்வதென்று தெரியாமல் எடுத்த இடத்திலேயே வைத்தார். மேலேயிருந்து இறங்கி வந்த வாத்தியார் இருவரையும் பார்த்துவிட்டு, எதையோ மறந்து வைத்துவிட்டவர் போலத் திரும்பி ஏறிப் போனார்.

"பயப்படாத. அப்படியே உக்காந்திரு. இதோ வந்துடறேன்" என்றார். கதவிடுக்கில் வாயை வைத்துச் சொல்கிற குரல் அது. இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேட்டதில்லை.

செருப்புச் சத்தம் இரண்டிரண்டு படிகளாக இறங்கியது. படிக்கட்டு ஜன்னல் வழியாக அவள் தெருவை எட்டிப் பார்த்தாள். இடது பக்கம் போனால் எட்டு மாடிக் கட்டடம். வலது பக்கம் போனால் கம்பெனி. வாசலில் ஒரு நொடி நின்றவர், வலது பக்கம் திரும்பி ஓடினார். அவள் மூட்டையிலிருந்து ஒரு சட்டையை உருவி, அங்கேயே உட்கார்ந்து பட்டன் தைக்கத் தொடங்கினாள்.

அவர் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் சந்தை சரிந்தது. இவர்கள் பணத்துக்குப் பெரிய சேதமில்லை. "நான் அப்பவே பார்த்தேன், ஒரே ஆணியில கட்டியிருக்கானுங்க" என்று நான்கு காய்கறிக் கடைகளிலும் அவர் சொல்லிக்கொண்டிருந்ததை அவள் பக்கத்தில் நின்று கேட்டாள். கேட்டுக்கொண்டு கூடையை நீட்டினாள்.

இப்போது அவர்கள் பின்சந்து வீட்டில் இருக்கிறார்கள். வாசலில் படியில்லை. வீடு வாங்கியது போக மிச்சமிருக்கிற பணம் மூன்று ஃபண்டில் கிடக்கிறது. மாதம் பிறந்தால் செலவுக்கு வருகிறது. மாட்டிக்கிட்டவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனது அவருக்கு இன்னும் உறுத்தலாகத்தான் இருக்கிறது. குடிவந்த வாரமே வாசற்கதவுக்கு நான்கு பூட்டு வாங்கி வந்து மாட்டினார். நான்கும் நான்கு கடை. இரண்டு பேரும் வெளியே கிளம்பினால் அவர் முன்னால் போய்த் தெருமுனையில் நிற்பார், பூட்டிவிட்டு வருவது அவள் வேலை. நேற்றும் நின்றார்.

"நாலும் பூட்டியாச்சா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

ஒன்றை மட்டும் பூட்டிவிட்டு வந்தவள், ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.